சேறு பார்த்த அண்ணாச்சி

நவி மும்பைக்குக் குடிபோகிறவர் மூன்று பேருக்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்: வீட்டுத் தரகர், சொசைட்டி செக்ரட்டரி, அண்ணாச்சி. முதல் இருவருக்கும் பணம் கொடுத்தால் தீர்ந்தது. அண்ணாச்சிக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

அண்ணாச்சி ஒரே ஆள் இல்லை. நெருலில் அவர் மலையாளச் சேட்டனாக இருப்பார், ஐரோலியில் மராத்திக் காக்காவாக இருப்பார். வாஷியில் எனக்கு வாய்த்தவர் அம்பாசமுத்திரம் பக்கம். மும்பைத் துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சயானில் ஒரு சால் வீட்டின் ஒற்றை அறையில் ஒன்பது பேரோடு படுத்துக்கிடந்து, 1981-இல் பாலம் தாண்டி வந்தவர்.

அவரை நான் சந்தித்ததே ஒரு விபத்தில். சாமான் ஏற்றிய டெம்போ டிரைவரிடம் "செக்டர் 10" என்று மட்டும் சொல்லியிருந்தேன். நம்பர் போட்ட ஊர், இதைவிட என்ன விலாசம் வேண்டும் என்ற நினைப்பு. இந்த ஊரில் 'நோடு' எனப்படும் பகுதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்கள், வாஷிக்கு ஒரு செக்டர் 10, நெருலுக்கு ஒன்று, கோபர்கைர்ணேக்கு ஒன்று, கார்கருக்கு ஒன்று என்பது எனக்குத் தெரியாது. நான் வாஷியில் காத்திருக்க, என் பீரோவும் கட்டிலும் கிரைண்டரும் நெருல் செக்டர் 10-இல் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தன. வெயிலில் போனும் கையுமாகக் கத்திக்கொண்டிருந்த என்னைக் கேட் ஓரம் நின்றிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார்.

"தமிழா? புதுசா?"

"ஆமா சார்."

"அப்பமே நெனச்சேன். நோடு பேரைச் சொல்லாம செக்டரைச் சொல்லிட்டியளா? உள்ள வாங்க, தண்ணி குடிங்க. நான் வந்தப்ப இந்தத் தொல்லையே கெடையாது கேட்டியளா. ஏன்னா அப்ப செக்டரே கெடையாது. வெறும் சேறு."

அந்தக் கடைசி இரண்டு சொற்களை அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. "நல்லாருக்கியளா" என்பதற்குப் பதிலாகவே அவர் அதைச் சொல்வதுண்டு.

பழைய ஊர்களில் கோயிலுக்கு ஸ்தல புராணம் இருக்கும். காகிதத்தில் கோடு போட்டுக் கட்டிய ஊருக்கு அது ஏது? அந்தக் குறையை அண்ணாச்சி தீர்க்கிறார். புராணத்தில் மும்மூர்த்திகளும் உண்டு. சார்லஸ் கொரியா, சிரீஷ் படேல், பிரவீணா மேத்தா என்ற மூவர், பம்பாய் மூச்சுத் திணறுகிறது, கழிமுகத்துக்கு அக்கரையில் இன்னொரு நகரம் வேண்டும் என்று 1965-இல் 'மார்க்' இதழில் எழுதினார்கள். 1970-இல் அதைக் கட்டுவதற்கென்றே சிட்கோ பிறந்தது. 1973-இல் வாஷிப் பாலம் திறந்தது. இதெல்லாம் அண்ணாச்சி வாயால் வரும்போது குடும்பச் செய்தி மாதிரி இருக்கும். "கொரியா கோடு போட்டாரு, நான் பால் காய்ச்சினேன்" என்பார். இடையில் இருந்த பதினாறு வருடமும் இன்ஜினியர்களும் சிமெண்டும் அவர் கணக்கில் சில்லறை.

மாலையில் அவரோடு நடக்கப் போனால் ஊர் இரண்டாகத் தெரியும். நான் பார்ப்பது பேங்க்கும் ஜிம்மும் வடாபாவ் கடையும். அவர் கைத்தடியால் சுட்டுவது வேறு. "இந்த ஏடிஎம் இருக்குல்லா, இங்கன என் செருப்பு ஒண்ணு இன்னும் கெடக்கு. சேத்துல போனது, திரும்ப வரல." அடுத்த வளைவில் ஒரு பால் பூத். அங்கேதான் பாம்பு அடித்தார். நான் வந்த வருடம் அந்தப் பாம்பு ஐந்தடி. இரண்டாவது வருடம் ஏழடி. போன தீபாவளிக்குப் பத்தடியைத் தொட்டிருந்தது. செத்த பாம்பு வளருவதை வாஷியில்தான் பார்த்தேன்.

ஆனால் ஊரைப் பற்றி உருப்படியாக எனக்குத் தெரிந்த எல்லாமே அவர் சொன்னதுதான். எங்கள் தெருமுனையில் ஒரு குளம். தரகர் அதை "லேக் வியூ" என்று காட்டி வாடகையில் இரண்டாயிரம் ஏற்றியிருந்தார். அண்ணாச்சி சிரித்தார். "லேக்காவது மண்ணாவது! அது ஹோல்டிங் பாண்டு. இந்தத் தரை கடலோட ஏத்தத்துக்குக் கீழ இருக்கு. ஏத்தம் வந்தா மதகு மூடிக்கிடும். மழைத் தண்ணி போக வழியில்லாம இந்தக் குளத்துல நிக்கும். கடல் எறங்குனதும் மதகு தொறந்து தண்ணி வெளிய போயிரும். ஹாலந்துக்காரன் வித்தை." அடைமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அன்னிக்குத்தான் நீங்க குடுக்குத ரெண்டாயிரத்துக்கு லேக் உங்க வீட்டுக்கே வரும்."

பாம் பீச் ரோடு என்ற பேரை நம்பி என் மனைவி முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மணல் விளையாட வாளி, மண்வெட்டி எடுத்து வைத்தாள். வாஷியிலிருந்து பேலாப்பூர் வரை அந்தச் சாலை முழுக்கப் போய்ப் பார்த்தோம். சதுப்பு நிலக் காடு இருந்தது. பீச் இல்லை. வாளி இப்போது குளியலறையில் இருக்கிறது.

வாடகைக்கு வருகிறவனை அண்ணாச்சி முழு மனிதனாகக் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே ஒப்பந்தத்துக்கு 'லீவ் அண்ட் லைசன்ஸ்' என்று பேர். பெரும்பாலும் பதினோரு மாதம். அதோடு போலீஸில் பதிவு, சொசைட்டியின் என்ஓசி, லிஃப்டே இல்லாத கட்டடத்தில் சாமான் ஏற்றுவதற்கென்று ஒரு கட்டணம். குளிர்காலம் வந்தால் தானே கழிமுகத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். ஊரே இளஞ்சிவப்பைப் பார்க்கக் கேமராவோடு ஓடும். சாகர் விஹாரில் அவரோடு நின்று நானும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி அசரவில்லை. "எல்லாம் லீவ் அண்ட் லைசன்ஸ் கேஸு தம்பி. மழைக்கு முன்னால காலி பண்ணிரும்."

சொந்த வீட்டுக்காரர் பாடு மட்டும் என்ன? நிலம் சிட்கோவிடமிருந்து 60 வருடக் குத்தகை. ஒருநாள் விளையாட்டாகக் கணக்குப் போட்டு, "அண்ணாச்சி, 2040 வாக்குல உங்களுக்கும் கெடு முடியுதே" என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "நமக்கு அதுக்கு முந்தியே முடிஞ்சிரும்" என்று டீ சொன்னார்.

தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. மாநகராட்சிக்குச் சொந்தமாக மோர்பே அணை இருக்கிறது. அண்ணாச்சி அதை "நம்ம டேம்" என்பார். ஆடி மாதம் செய்தித்தாளில் நீர்மட்டம் பார்ப்பார். நிரம்பிவிட்டால் மாடி வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வருவார். தாமிரபரணித் தண்ணீருக்கு அடுத்த இடம் மோர்பேக்குத்தான் என்று தீர்ப்பும் உண்டு. அம்பாசமுத்திரத்துக்காரர் இரண்டாம் இடம் கொடுப்பது சாதாரணம் இல்லை.

இரண்டு அண்ணாச்சிகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் நாம் நகர்ந்துவிடுவது நல்லது. தமிழ்ச் சங்கத்தில் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். "நான் எண்பத்தொண்ணு" என்றார் நம்மவர். எதிரே இருந்தவர் காபியை ஊதிக்கொண்டே, "எழுபத்தெட்டு" என்றார். ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு நம்மவர் போரை ரயிலுக்குத் திருப்பினார். 1992 வரை வாஷிக்கு மின்ரயில் கிடையாது. பஸ் பிடித்துப் பாலம் தாண்டி மான்குர்து, அங்கிருந்து லோக்கல் ஏறி காட்டன் கிரீன், இறங்கித் துறைமுகத்துக்கு நடை. அந்த ரயில் பாதைச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு சிட்கோ போட்டது என்பதை, தன் பி.எஃப்.-இலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோல் சொல்வார். முதல் நாள் முதல் வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்ததாக இருவருமே சொன்னார்கள். அந்த முதல் வண்டியில் வந்ததாகச் சொல்கிறவர்களை மட்டும் இன்று ஏற்றினால் ஒன்பது பெட்டி போதாது.

இந்த அண்ணாச்சித்தனம் வயதைப் பொறுத்ததும் இல்லை. கார்கரில் என்னோடு வேலை பார்க்கும் பையனுக்கு முப்பத்தெட்டு வயது. 2009-இல் போனவன். அவனும் மெட்ரோவைக் காட்டி, "நான் வந்தப்ப இங்கே நாய்கூட இல்லை சார்" என்கிறான். மெட்ரோ 2023-இல்தான் ஓடத் தொடங்கியது. அதற்குள் அவனுக்குக் குரலில் ஒரு கரகரப்பு வந்துவிட்டது.

அண்ணாச்சி குரல் தாழும் இடம் ஒன்றே ஒன்று. மீன் மார்க்கெட். வாஷி காவ் கிராமத்திலிருந்து வரும் ஆக்ரி சமூகத்துப் பாட்டி ஒருத்தி அங்கே பொம்பில் மீன் விற்கிறாள். அவர் நாற்பது வருட வாடிக்கை. செவுளைத் தூக்கிப் பார்த்து அவர் பேரம் பேச, பாட்டி பக்கத்துக் கடைக்காரியிடம் மராத்தியில் சொன்னாள்: "இந்தப் புதுசா வந்தவங்களுக்கு மீன் பார்க்கவே தெரியாது." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 95 கிராமங்களின் நிலத்தை எடுத்துத்தான் இந்த நகரம். நெல் வயல், உப்பளம், மீன் பிடித்த ஓடை எல்லாம் போனது. நிலம் கொடுத்தவர்கள் வருடக்கணக்கில் போராடிய பிறகு, எடுத்ததில் பன்னிரண்டரை சதவீதத்துக்கு மனையாகத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. 'சாடே பாரா டக்கே' என்றால் இங்கே குழந்தைக்கும் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். அவர் "ஒண்ணுமே கெடையாது" என்று சொல்லும் அந்தச் சேற்றில் பாட்டியின் அப்பா உப்புப் பாத்தி கட்டியிருந்தார் என்பதும் தெரியும். பையை வாங்கிக்கொண்டு, பேரம் முடிக்காமல், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தார். வீடு வரும்வரை பாம்புக் கதை இல்லை.

போன மாதம் அவருக்கு ஒரு ஆசை. ஏர்போர்ட்டும் திறந்தாயிற்று, உரணுக்கு ரயிலும் விட்டாயிற்று, ஊர் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். துரோணகிரியில் இறங்கினோம். அகலமான சாலை, விளக்குக் கம்பம், நம்பர் எழுதிய பலகை எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை. அரைகுறையாக நின்ற கட்டடங்களுக்கு நடுவே ஒரே ஒரு பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஒரு இளைஞன் செங்கல்லில் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முழங்கால் வரை சேறு. போனில் யாரையோ தமிழில் திட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி வேகமாக நடந்து போய் அவன் முன்னால் நின்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இனி 1981-லிருந்து தொடங்குவார், கடைசி வண்டியையும் விட்டுவிடுவோம் என்று பயம். ஆனால் அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எப்ப வந்தியோ தம்பி?"

"ரெண்டு மாசம் ஆச்சு சார். கடை கிடையாது, ரிக்ஷா கிடையாது. ஒண்ணுமே இல்ல சார் இங்க, வெறும் சேறு."

அண்ணாச்சி அவன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வெள்ளைச் செருப்பைப் பார்த்தார். அதில் தூசிகூட இல்லை.

"பாம்பு உண்டா?"

"நேத்துக்கூட ஒண்ணு அடிச்சோம் சார்."

அண்ணாச்சி கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை அடி?"