டிக்கி ஒழிப்பியல்: ஐதராபாத்துக் குடும்பக் காரை 402 மீட்டர் பந்தயத்துக்கு ஆயத்தப்படுத்தும் முறை பற்றிய ஆராய்ச்சி

அன்றாடம் தெருவில் ஓடும் காரை ஒரு நாள் மட்டும் டிராக் பந்தயத்தில் ஓட்டுவதற்கு ஆயத்தப்படுத்தும் கலை எந்திரவியலைச் சேர்ந்தது என்று இதுகாறும் கருதப்பட்டு வந்திருப்பினும், அது உண்மையில் இல்லறவியலின் ஒரு கிளையே என்பதை நிறுவுவது இவ்வாராய்ச்சியின் நோக்கமாகும். டிராக் பந்தயம் என்பது இரு வண்டிகள் அருகருகே நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, திருப்பம் ஏதுமற்ற நேர்பாதையில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடி முடிப்பது. வளைவு இல்லாததால் ஸ்டியரிங்குக்குப் பெரிய வேலை கிடையாது. பிரேக்கோ எல்லைக்கோட்டைக் கடந்த பின்னரே நினைவுக்கு வருவது. எனவே எஞ்சுவது, மெக்கானிக்குகள் ‘பிக்கப்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் முடுக்கம் மட்டுமே. அந்த முடுக்கம் எஞ்சினின் ஆற்றலையும் வண்டியின் எடையையும் பொறுத்தது. ஆற்றலைக் கூட்டப் பணம் வேண்டும். எடையைக் குறைக்க வீட்டாரின் சம்மதம் வேண்டும். இவ்விரண்டில் முன்னது எளிது என்பதே அறிஞர்கள் இவ்விஷயத்தில் செய்துவந்த பிழைகளுக்கெல்லாம் மூல காரணம்.

எடைக்கும் நேரத்துக்கும் உள்ள உறவை அமெரிக்கக் கார் எழுத்தாளர் ரோஜர் ஹண்டிங்டன் ஒரு சூத்திரமாக வகுத்தார்: வண்டியின் எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, வரும் ஈவின் கனமூலத்தை ஒரு மாறிலியால் பெருக்கினால் கால் மைல் ஓடும் நேரம் கிடைக்கும். ஜெஃப்ரி ஃபாக்ஸ் என்பவர் 1973-இல் இதன் இயற்பியலை ஆராய்ந்து அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையே எழுதியிருக்கிறார் என்பதால், விஷயம் விளையாட்டல்ல என்பது தெளிவு. ஆயினும் இவர்களில் எவரும் ஒரு தெலுங்கு வீட்டுக் காரின் டிக்கியைத் திறந்து பார்த்ததற்கான சான்று இல்லை. அக்குறையை நீக்கும் பொருட்டு, ஓட்டுநரையும் சேர்த்து 1,000 கிலோ எடையுள்ளதும், 402 மீட்டரைச் சுமார் 18 விநாடியில் கடந்து, முடிவில் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதுமான ஒரு சிறு பெட்ரோல் காரை எடுத்துக்கொண்டால், கனமூல விதிப்படி 10 கிலோ குறையும்போது 0.06 விநாடி மிச்சமாகும். அந்த வேகத்தில் 0.06 விநாடி என்பது 2 மீட்டர். ஆகவே, ஒரு கிலோவுக்கு 20 சென்டிமீட்டர். இதனை இக்கட்டுரை ‘டிக்கி மாறிலி’ என்று வழங்கும்.

மாறிலி கைக்கு வந்தபின் சரக்குகளை அளப்பது எளிது. அமீர்பேட்டையிலிருந்தோ தில்சுக்நகரிலிருந்தோ புறப்படும் ஒரு காரின் டிக்கியில் பொதுவாகக் காணப்படுபவற்றுள், குண்டூர் அத்தை கொடுத்தனுப்பிய 5 கிலோ ஆவக்காய் ஜாடி எல்லைக்கோட்டில் 1 மீட்டரை விழுங்கிவிடுகிறது. நிரப்பிய 20 லிட்டர் தண்ணீர் கேன் 4 மீட்டர். கடையிலிருந்து வாங்கி, வீட்டில் இறக்க ஆள் இல்லாததால் மூன்று நாளாக வண்டியிலேயே ஊர் சுற்றும் 25 கிலோ சோனா மசூரி மூட்டை 5 மீட்டர். அதாவது, இந்த வகைக் காரின் மொத்த நீளமே 4 மீட்டருக்கு உட்பட்டது என்பதால், அரிசி மூட்டையுடன் ஓடும் கார் அது இல்லாமல் ஓடும் தன்னிடமே ஒரு கார் நீளத்துக்கு மேல் தோற்கிறது. ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் சேர்ந்து 15 கிலோ இருக்குமானால் 3 மீட்டர். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்பதால், 37 லிட்டர் தொட்டியை நிரப்பி வருபவர் கால் தொட்டியுடன் வருபவரைவிட ஏறத்தாழ 20 கிலோ, அதாவது 4 மீட்டர், பின்தங்குவார். பின்இருக்கையையும் கழற்றலாம் என்று மேனாட்டு நூல்கள் கூறும். ஆனால் அதைக் கழற்றும்போது அடியில் கிடைக்கும் சில்லறை, ஹேர்கிளிப், காய்ந்த பல்லி மிட்டாய் ஆகியவை பற்றி எழும் விசாரணை, மிச்சமாகும் நேரத்தைவிட நீண்டது.

டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் வேங்கடேசுவரர் தனி வகை. 200 கிராம் எடையுள்ள அவ்வுருவத்தின் விலை 4 சென்டிமீட்டர்; அந்த 4 சென்டிமீட்டருக்காக அவரை இறக்கிவைக்கத் துணிந்தவர் எவரும் இல்லை, இருக்கவும் கூடாது. பந்தயத்துக்கு முன் வண்டியைச் சோதிக்கும் அதிகாரிகள், கழன்று பறக்கக்கூடிய பொருள் எதுவும் உள்ளே இருக்கலாகாது என்று வற்புறுத்துவதால், அவரது பீடத்தின் பசையை மட்டும் புதுப்பித்துக்கொள்வது முறை.

அடுத்து இடம் பற்றிய ஆராய்ச்சி. ஐதராபாத்துக்குப் பந்தயம் புதிதல்ல: 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசேன் சாகர்க் கரையில், நெக்லஸ் சாலையை ஒட்டி அமைக்கப்பட்ட தற்காலிகத் தடத்தில் ஃபார்முலா ஈ மின்கார்கள் ஓட, ஜான்-எரிக் வெர்ஞ் வென்றார், 2024-க்கு அறிவிக்கப்பட்ட போட்டி நடவாமலே ரத்தாயிற்று. ஆனால் சொந்தக் காரை இழுத்துப் பார்ப்பதற்கான நிரந்தர டிராக் தளம் என்று ஒன்று இந்நகரில் இல்லை. நகரைச் சுற்றி ஓடும் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையைப் பார்க்கும் இளைஞர் சிலருக்கு அதுவே தளமாகத் தோன்றுவதுண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவுக்கு அவ்வாறு தோன்றுவதில்லை, முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அது இடம் தருகிறது. எனவே முறையாக இழுத்துப் பார்க்க விரும்புவோர், சோழவரத்துப் பழைய போர்க்கால விமானத் தளத்தில் பந்தயம் நடத்திப் பேர் பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் திறந்த தடத்தையே நாட வேண்டியிருக்கிறது. நார்க்கட்பள்ளியில் பிரிந்து, மிர்யாலகூடா, அத்தங்கி, ஓங்கோல், நெல்லூர் வழியாக அது 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம்.

இங்குதான் இத்துறையின் மையச் சிக்கல் எழுகிறது. ஓட்டுவதற்காக ஒழிக்கப்பட்ட டிக்கி, போய்ச்சேர்வதற்காக நிரப்பப்பட வேண்டியதாகிறது. மாற்றுச் சக்கரம் இல்லாமல் நல்கொண்டாவைத் தாண்டுவது அறிவீனம். தயிர்சாதம் இல்லாமல் தாண்டுவது வீட்டாரின் பார்வையில் அதனினும் பெரிய அறிவீனம். 402 மீட்டர் ஓடுவதற்காக 600 கிலோமீட்டர் ஓடுவதைக் கேள்விப்படும் உறவினர்கள், எப்படியும் சென்னைக்குப் போகிற வண்டிதானே என்று, மயிலாப்பூர்ச் சித்திக்கு ஒரு பொட்டலமும் தாம்பரத்து மாமாவுக்கு ஒரு மிக்சியும் ஏற்றிவிடுகின்றனர். பந்தயத்துக்கென்றே தனிக் கார் வைத்து லாரியில் ஏற்றிச் செல்பவர்களுக்கு இவ்வினா எழுவதே இல்லையாதலால், அவர்கள் இவ்வாராய்ச்சியின் எல்லைக்குப் புறம்பானவர்கள்.

பயணத்தால் ஒரு நன்மையும் உண்டு. ஐதராபாத் கடல்மட்டத்துக்கு மேல் 540 மீட்டர் அளவில், தக்காணப் பீடபூமியில் அமர்ந்திருப்பதால் அங்குக் காற்றழுத்தம் கடற்கரையைவிட 6 விழுக்காடு அளவு குறைவு. காற்று குறைந்தால் எஞ்சின் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். ஆகையால் இரு ஊர்களிலும் வெப்பநிலை ஒன்றே என்று கொண்டால், எந்தப் பழுதுபார்ப்பும் இன்றிக் கீழே இறங்கி வந்த ஒரே காரணத்தால் காருக்கு மூன்றில் ஒரு பங்கு விநாடி, சுமார் 12 மீட்டர், இனாமாகக் கிடைக்கிறது. டிக்கி மாறிலியின்படி இது 60 கிலோவுக்கு, அதாவது நடுத்தர உடல்வாகுள்ள ஒரு மைத்துனருக்கு, ஈடு. அவரைக் கூட அழைத்துச் செல்வதில் கணக்கின்படி நஷ்டமில்லை. டர்போ பொருத்திய எஞ்சின் காற்றைத் தானே அழுத்திக்கொள்ளும் என்பதால் அத்தகைய காருக்கு இந்த இனாமில் பெரும்பகுதி கிடையாது; அக்காரில் மைத்துனருக்கு இடமும் கிடையாது.

தடத்தை அடைந்ததும் எல்லாவற்றையும் மரநிழலில் இறக்கிவைத்து, மைத்துனரைக் காவலுக்கு அமர்த்துவது முதல் படி. அதன்பின் பின்சக்கரங்களில் காற்றைச் சற்றுக் கூட்டுவதும், இழுவை முன்சக்கரங்களில் என்பதால் அவற்றில் சற்றுக் குறைப்பதும் வழக்கம். புறப்படும் கணத்தில் எடை பின்னோக்கிச் சாய்ந்து முன்சக்கரங்களின் பிடி தளர்வதே இதற்குக் காரணம். இதை அறிந்த சிலர், ஆவக்காய் ஜாடியை முன்இருக்கையின் கால்மாட்டில் வைத்தால் பிடி கூடுமே என்று வாதிடுவர். 80 குதிரைத்திறன் காருக்கு ஒரு ஜாடியால் கூடும் பிடி ஒரு பொருட்டே அல்ல என்பதாலும், கிளட்ச் விடும் அதிர்ச்சியில் ஜாடியின் மூடி என்னாகும் என்பது தெரிந்ததே என்பதாலும், அவ்வாதம் ஏற்புடையதன்று. ஏ.சி. கம்ப்ரசர் எஞ்சினின் ஆற்றலில் பங்கு கேட்பதால் அதை அணைக்க வேண்டும். திறந்த ஜன்னல் காற்றில் இழுபடும் என்பதால் அதை மூட வேண்டும். ஆகவே சென்னை வெயிலில், தலைக்கவசத்துடன், மூடிய பெட்டிக்குள் அமர்ந்திருப்பதே ஓட்டுநரின் நிலை.

புறப்படும் கோட்டுக்கு முன்பாக ஈரப்படுத்திய இடத்தில் சக்கரத்தைச் சுழற்றிப் புகை எழுப்புவது பந்தய டயர்களுக்கு உரிய சடங்கு. அவை வழவழப்பானவை, சூடேறினால் ஒட்டும். தெரு டயரின் பள்ளங்களோ அந்நீரை வாரிக்கொண்டு கோட்டுக்கே வந்து வழுக்கும்; ஆகையால் அவ்விடத்தைச் சுற்றிக்கொண்டு போவதே நன்று. ஜூபிலி ஹில்ஸ் பெத்தம்மா கோயிலில் புது வண்டிக்குப் பூசை போட்டு, நான்கு எலுமிச்சம்பழங்களை மெல்ல நசுக்கி நகர்ந்த அனுபவம் உள்ளவருக்கு, கிளட்ச்சைப் பதமாக விடும் பயிற்சி ஏற்கெனவே அமைந்திருக்கிறது.

பச்சை விளக்கு எரிந்தபின் வண்டி நகர எடுக்கும் நேரமும், நகர்ந்தபின் 402 மீட்டர் ஓட எடுக்கும் நேரமும் தனித்தனியே அளக்கப்படுவதால், வேகமான காரை வைத்துக்கொண்டும் விளக்கைப் பார்க்காமல் தூங்கியவர் தோற்பதுண்டு. விளக்கைப் பார்த்து விழிப்பதற்கு ஈரானி சாயா உதவக்கூடும்; அதற்கு முன் உண்ட பிரியாணியோ கிலோவுக்கு 20 சென்டிமீட்டர் என்ற பொது விதிக்கு உட்பட்டது.

எதையும் கழற்ற இயலாத காருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், நிஜாம் மஹபூப் அலி கானுக்கென்று வடிவமைக்கப்பட்டு 1912-இல் உருவான ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்டைச் சௌமஹல்லா அரண்மனையில் காணலாம். அதன் பின்இருக்கை சிம்மாசனம். அது மொத்தம் ஓடியதே 356 மைல் என்று சொல்லப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு முறை வந்துசேரக்கூட அது போதாது.

இறுதியாக, இங்குத் தரப்பட்ட மாறிலி 1,000 கிலோ எடையுடன் 18 விநாடியில் ஓடும் காருக்கு மட்டுமே உரியது. வாசகர்கள் தத்தம் காரின் வெற்று எடையை ஆர்.சி. அட்டையில் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். அந்த எண்ணில் ஓட்டுநரோ ஊறுகாயோ சேர்க்கப்படவில்லை.