சாக்கு எடை போக

தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தராசின் மேல் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது. சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் என்று கழித்துக் கழித்து, முதுகு ஒடிய எடுத்த கொழுந்து செக்ரோல் பதிவேட்டில் ஏறும்போது ஒரு சுற்று மெலிந்திருக்கும். அந்தக் கழிவை அம்மா ஆயுசு பூராவும் திட்டித் தீர்த்தார். அதே கணக்கைப் புரோட்டீன் பாருக்கும் போட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது, தங்கை மகன் கொழும்பில் ஜிம்முக்குப் போகத் தொடங்கிய பிறகுதான்.

"மாமா, ஒண்ணுல 20 கிராம் புரோட்டீன். சோத்தக் குறைச்சிட்டு இதச் சாப்பிடுங்க" என்று ஒரு மினுமினுக்கும் உறையை நீட்டினான். விலையைக் கேட்டேன். மலையில் அரைப் பேருக்கு, அதாவது அரை நாள் வேலைக்கு, வருகிற காசு!

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையின் பின்பக்கத்துக்குப் போனேன். எது எடை அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சேர்மானப் பட்டியலுக்குள்ள விதி. முதலிடத்தில் 'புரோட்டீன் கலவை'. பால் புரோட்டீன், சோயா, கொலாஜன் மூன்றும் கூட்டணி அமைத்து முதலிடத்தைப் பிடித்திருந்தன. எது எவ்வளவு என்பது கூட்டணி ரகசியம்.

ஆய்வுகூடத்தில் பொதுவாகப் புரோட்டீனை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் கொலாஜனிலும் நைட்ரஜன் உண்டு. ஆகவே அதுவும் கணக்கில் ஏறிவிடும். ஆனால் உடம்புக்குக் கட்டாயம் வேண்டிய டிரிப்டோஃபான் அதில் மருந்துக்கும் கிடையாது. "கொலாஜனைக் கழிச்சா உன் 20 எத்தனைடா?" என்றேன். மருமகன் கணக்கப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

"சீனி வட்டம் பச்சை மாமா, அதப் பாருங்க!"

நம் நாட்டில் 2016இல் குளிர்பானங்களுக்கு வந்த நிற அடையாளம் பிறகு திண்பண்டங்களுக்கும் வந்தது. 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பார் பச்சைதான். ஆனால் வாயில் போட்டால் பாயாசம். இனிப்பு எங்கிருந்து வந்தது? மோல்டிட்டோல். அது சீனிக் கணக்கில் சேராது. அதற்குப் பக்கத்தில், எறும்பு படிக்கிற எழுத்தில் ஓர் எச்சரிக்கை: அதிகம் உண்டால் வயிறு இளகும்.

அந்த எச்சரிக்கையை மருமகன் படித்தது, அடுத்த முறை ஊருக்கு வந்த பஸ்ஸில். பசிக்கிறதே என்று அடுத்தடுத்து இரண்டைத் தின்றுவிட்டுக் கண்டியில் ஏறியிருக்கிறான். கம்பளை வரை வீரன். புசல்லாவை தாண்டியதும் முகம் கறுத்தது. அதன் பிறகு வருகிற வளைவுகள், வயிறு நன்றாக இருப்பவனையே ஒரு கை பார்ப்பவை. இறம்பொடையில் இறங்கியவன் பையை விட்டுவிட்டு ஓடினான். கொண்டக்டர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். ஊர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள்கூட இவ்வளவு அவசரப்பட்டதில்லை.

நம்முடையது எல்லாம் அமிர்தம் என்று நான் சொல்ல வரவில்லை. எள்ளுருண்டையை உறையில் போட்டால் சீனிக்குச் சிவப்பு விழும். வடை கொழுப்பில் மாட்டும். ஆனால் அவை தங்களை மருந்து என்று சொல்லிக்கொள்வதில்லை. வடையின் பட்டியலைப் படிக்கக் கண்ணாடியும் வேண்டாம்: உழுந்து, மிளகு, உப்பு, எண்ணெய்.

இத்தனைக்கும் மருமகன் வளர்ந்ததே திரிபோஷவில். 1973இல் தொடங்கிய திட்டம். சோளமும் சோயாவும் சேர்ந்த மா, கர்ப்பிணித் தாய்மாருக்கும் மெலிந்த பிள்ளைகளுக்கும் இலவசம். தங்கை அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிப்பாள். பிள்ளைக்கு என்று வந்த பக்கெட்டில் பாதி, லயத்தில் மீசை முளைத்தவர்களின் வயிற்றுக்குள் போகும். அரசாங்கத்தின் அந்தப் புரோட்டீன் உருண்டைக்கு யாரும் ஜிகினா சுற்றவில்லை.

மறுநாள் வயிறு தேறியதும் அவனை வேவண்டன் மலையிலுள்ள ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். "பாருடா, இவரவிடவா உனக்கு மசில்? சஞ்சீவி எதுன்னு அடையாளம் தெரியல. சாறு பிழிஞ்சு உறையில அடைச்சுக் குடுங்கன்னா கேட்டாரு? முழு மலையையே தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. சாப்பாட்டயும் அப்படி முழுசா வாங்கணும்."

மருமகன் சிலையை அண்ணாந்து பார்த்து, பயபக்தியோடு கேட்டான்:

"ஒத்தக் கையாலயா மாமா தூக்கினாரு? எத்தனை கிலோ இருக்கும்?"