தாம்பரத்தில் மாத்திரை போடுவது எப்படி?

முதல் விதி: கருத்தடை மாத்திரையைச் சொந்த ஏரியா மெடிக்கலில் வாங்காதீர்கள். சேலையூர்க்காரர் குரோம்பேட்டைக்குப் போகலாம், குரோம்பேட்டைக்காரர் பல்லாவரத்துக்கு. பி.பி. மாத்திரைக்கு வந்த பெரியவர் நகரும்வரை குளுக்கோஸ் டப்பாவின் விலையைப் படித்துக்கொண்டிருங்கள். கடைக்காரர் கேட்காமலே காக்கிக் கவரில் போட்டு, கவரைக் கருப்புப் பையில் போட்டுத் தருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மாலா என்’ இலவசம்தான். ஆனால் அங்கே பி.பி. பார்ப்பார்கள், ஒற்றைத் தலைவலி உண்டா, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். அந்த வம்பு எதற்கு?

ஸ்ட்ரிப் மாமியார் கண்ணில் பட்டால், “இரும்புச்சத்து மாத்திரை அத்தை” என்று சொல்லிவிடுங்கள். மாலாவில் 28க்கு 7 இரும்புச்சத்துதான். சொன்னதில் கால்வாசி உண்மை.

அடுத்தது பக்கவிளைவு. குமட்டல், மார்பு கனத்தல், தலைவலி, நடுநடுவே திட்டுத்திட்டாக ரத்தம் எல்லாம் வரலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் அடங்கிவிடும். அவ்வளவு நாள் யார் பொறுப்பது? நாலாம் நாளே நிறுத்திவிட்டு, “எனக்கு ஒத்துக்கல” என்று அபார்ட்மென்ட் முழுக்கச் சொல்லுங்கள். உடம்பு போட்டாலும் பழியை மாத்திரை மேலேயே போடுங்கள். ஆய்வுகளில் பெரிய எடைக்கூடுதல் தெரியவில்லையாம். இருக்கட்டும், ஸ்டேஷன் வாசல் பஜ்ஜியா வந்து சாட்சி சொல்லப்போகிறது?

கேலி ஒரு நிமிஷம் நிற்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கலோடு கடும் தலைவலி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டு அபூர்வம்: ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 3 முதல் 9 பேருக்கு. கர்ப்பத்திலும் பிள்ளை பெற்ற வாரங்களிலும் அதைவிட அதிகம். ஆனால் “சீக்கிரம் ஒரு பேரனைப் பெத்துக் கொடு” என்பவர்கள் அதைப் பற்றி எச்சரித்து யாரும் பார்த்ததில்லை.

நம்மூருக்கென்றே ஒரு குறிப்பு. 1928இல் தொடங்கிய சானடோரியம் காசநோய்க்குப் பேர்போனது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். ஆகவே டாக்டரிடம் சளி, சுகர், தைராய்டு எல்லாம் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரையை மட்டும் மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். “ஏதாவது விசேஷமா?” என்று கேட்பவர்களுக்குச் சீக்கிரமே பதில் கிடைக்கும்.

நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் ‘தேதி தள்ளிப்போக’ நாரெத்திஸ்டிரோன் போடுவது வேறு கதை. அதுவும் ஹார்மோன்தான். ஆனால் அதை மாமியாரே காசு கொடுத்து வாங்கிவரச் சொல்வார். கருப்புப் பை தேவையில்லை. வேளாவேளைக்குப் போட்டாயா என்று குடும்பமே விசாரிக்கும். பக்கவிளைவு பற்றி அன்றைக்கு ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள்.

இரண்டு பிள்ளை போதும் என்று முடிவாகிவிட்டால், அரசு மருத்துவமனையில் ஆண்களுக்குத் தையலில்லாத கருத்தடை இலவசம், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். தலைவலி, குமட்டல், மனநிலை மாற்றம் எல்லாம் அவருக்கு அங்கேயே வந்துவிடும்.