புள்ளி வைக்காத காலத்து மனிதர்

சங்கராபுரத்தில் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்துக் கொடுக்கும் டிடிபி கடைகள் உள்ளவரை 'ஃபிளாஷ் வாத்தியார்' என்னும் இனத்துக்கு அழிவில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிச் சிற்றூர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் மல்டிமீடியா வகுப்பெடுத்து, பிறகு ஜெராக்ஸுக்கும் பட்டா, சிட்டா இறக்கித் தருவதற்கும் இறங்கிவந்த இவர், ஃபிளாஷ் மென்பொருளில் அசைபடங்களை இயக்கும் நிரலின் பழைய நடையை இன்றும் கண்ணாடி போடாமல் வாசிப்பார். தினசரிக்கு மட்டும் கண்ணாடி வேண்டும்.

இவருடைய புலமையை அளக்க ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்வது நல்லது. எழுத்தாணி அழுந்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. எது மெய், எது உயிர்மெய் என்பதைப் பதிப்பாசிரியர்தாம் இடம் பார்த்து உணர வேண்டியிருந்தது. 1999இல் வந்த ஃபிளாஷ் 4இன் நிரலும் அத்தகைய புள்ளியில்லா ஏடே. வண்டிக்குள் இருக்கும் சக்கரத்தின் வேகத்தைச் சுட்ட, '/வண்டி/சக்கரம்:வேகம்' என்று சாய்கோடும் முக்காற்புள்ளியும் இட்டார்கள் (முக்காற்புள்ளி கணக்கில் வராது என்பது வாத்தியார் கட்சி). சக்கரத்துக்கு ஆணையிட, 'இன்னாரிடம் சொல்' எனப் பொருள்படும் 'டெல் டார்கெட்' என்ற கட்டளையைப் பயன்படுத்தினார்கள். 2000இல் ஐந்தாம் பதிப்பு 'வண்டி.சக்கரம்.வேகம்' என்று புள்ளி வைத்து எழுதக் கற்றுக்கொடுத்தது. தொல்காப்பியர் மெய்க்கு விதித்த புள்ளி, ஃபிளாஷை அப்போது வெளியிட்ட மேக்ரோமீடியா நிறுவனத்துக்கு இவ்வளவு தாமதமாக எட்டியது ஒருபுறமிருக்க, வாத்தியார் அதை ஒரு வீழ்ச்சியாகவே கருதுகிறார்.

அவர் மிகவும் உருகி விளக்கும் இடம் சமக்குறி. ஃபிளாஷ் 4இல் அது எண்களை மட்டுமே ஒப்பிடும். சொற்களை ஒப்பிட 'இக்யூ' என்று தனியே ஒன்று உண்டு. இது தெரியாமல் இரண்டு ஊர்ப்பெயர்களுக்கு நடுவே சமக்குறி போட்டால், எண்ணாக மாறாத எதையும் பூச்சியமாகக் கொள்ளும் அந்நிரல், சங்கராபுரமும் கள்ளக்குறிச்சியும் சமம் என்று தீர்ப்பளித்துவிடும். 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரான பின்பும் இத்தீர்ப்பு மாறாதது உள்ளூர்க்காரர்களுக்கு இனிக்கிறது. இரண்டும் பூச்சியம் என்ற காரணத்தை அவர் வேண்டியவர்களிடம் மட்டுமே சொல்கிறார்.

2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷ் பிளேயரைக் கைவிட்டபோது, யாரேனும் துக்கம் விசாரிக்க வருவார்கள் என்று காத்திருந்து ஏமாந்த வாத்தியார், கடையின் மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றை இன்றளவும் காத்துவருகிறார். கல்வராயன் மலைப் பக்கமிருந்து ஓர் இளைஞர் பழைய பாட சிடியோடு வந்து, வண்டி ஓடுகிறது, சக்கரம் சுழலவில்லை என்று நின்றால், அவர் டீயை ஓரமாக வைத்துவிட்டு, மூலக்கோப்பைத் திறந்து, வரிகளை விரலால் தடவிக்கொண்டே வந்து, முகவரியின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு விடுபட்டிருப்பதைக் காட்டுகிறார். அந்தக் கோடுதான் பாதையை அடிமேடையிலிருந்து எண்ணச் சொல்வது. "புது லாங்வேஜ்ல எழுதிடலாமே சார்" என்ற யோசனை அவர் காதில் விழுவதில்லை. கோடு சேர்ந்ததும் சக்கரம் சுழல்கிறது. ஆனால் வண்டி முன்னே போக, அது பின்னோக்கிச் சுழல்கிறது.

"அந்த வெர்ஷன்ல அப்படித்தான் சுத்தும் தம்பி" என்று சொல்லி, ஆறிப்போன டீயை எடுத்துக்கொள்கிறார்.