அமரர்கள் காக்கும் ஊமை எழுத்து

‘பேசுகிறேன்’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘பார்ல்’. ‘பேசுகிறாய்’? அதுவும் பார்ல். ‘பேசுகிறான்’? பார்ல். கூட்டமாகச் சேர்ந்து ‘பேசுகிறார்கள்’ என்றாலும் பார்ல்தான். காதுக்கு ஒன்று. தாளிலோ நானுக்கும் அவனுக்கும் வாலில் ஓர் எழுத்து, ‘நீ’க்கு இரண்டு, அவர்களுக்கு மூன்று. அத்தனையும் ஊமை.

அசை பிரிப்பது அதைவிட அழகு. வரிக்கோடியில் இடம் போதாவிட்டால் ‘பேசுகிறார்கள்’ வடிவத்தை இரண்டாக உடைத்து அச்சிடலாம். தாளில் இரண்டு அசை, வாயில் ஒன்று. பழைய செய்யுளில் அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கிவிட்டால் அந்த ஊமை அசைக்கும் கணக்கு உண்டு!

மடத்துக் கோழிகள் கதையும் உண்டு. ‘மடம்’, ‘அடைகாக்கின்றன’ இரண்டுக்கும் பிரெஞ்சில் அதே ஏழு எழுத்து. மடமென்றால் ‘குவான்’, ஈரசை. கோழிகளின் வினையென்றால் ‘கூவ்’, ஓரசை. முட்டையைவிட்டு எழுந்து இலக்கணம் படித்த கோழிக்குத்தான் வித்தியாசம் புரியும்.

சிரித்தாயிற்றா? இப்போது வகுப்பறைக்கு வாருங்கள். சொல்வதெழுதுதல். ‘அவன்’, ‘அவர்கள்’ இரண்டும் அங்கே ‘ஈல்’. ஆசிரியர் ‘ஈல் பார்ல்’ என்கிறார். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மை. கேட்காத எழுத்தை எழுதாததுதான் குற்றம்! கேட்காததையும் எழுதத் தெரிந்தவன் யார்? வீட்டில் புத்தக அலமாரி உள்ளவன்.

இது தற்செயல் என்று நினைக்காதீர்கள். 1673-இல் பிரெஞ்சு அகாதமி தன் அகராதிக்கு எழுத்துமுறை தேடியபோது, கற்றவரைப் பாமரரிடமிருந்தும் பெண்களிடமிருந்தும் பிரித்துக் காட்டும் பழைய முறையே வேண்டுமென்று கூசாமல் எழுதிவைத்தது. கல்லாதவனைத் தடுக்கக் கட்டிய வேலிக்கு மொழித்தூய்மை என்று பெயர்.

வேலிக்குக் காவல் அகாதமியின் 40 உறுப்பினர்கள். பச்சைப் பூவேலை அங்கி, இடுப்பில் வாள். பட்டம் ‘அமரர்’. நம் ஊரில் செத்த பிறகு கிடைப்பது அங்கே உயிரோடிருக்கும்போதே கிடைக்கிறது, பொருத்தமாகத்தான் இருக்கிறது. அகராதியின் எட்டாம் பதிப்பை 1935-இல் முடித்தவர்கள் ஒன்பதாவதை முடித்தது 2024-இல். 89 ஆண்டுகள்! பத்து வயதுப் பிள்ளைக்கோ ஒரு வரி எழுத அரை நிமிடம்.

1990-இல் எழுத்துச் சீர்திருத்தம் என்று ஒன்று வந்தது. தொப்பிக் குறிகளையும் இணைப்புக்கோடுகளையும் நோண்டியது. வினையின் வாலில் தொங்கும் அந்த மூன்று ஊமைகளைத் தொடவில்லை. அவற்றுக்காகப் பிள்ளைகள் இன்றும் மதிப்பெண் இழக்கிறார்கள்.