புகாரும் நோய்க்குறிதான்

அக்டோபர் 10, உலக மனநல நாள். மாணவிகள் வெயிலில் பதாகை பிடிப்பார்கள். ஆட்சியர் கொடியசைப்பார். மறுநாள் நாளிதழில் படம் வரும். பதாகையில் இருப்பது ‘மனம் விட்டுப் பேசுங்கள்’. பேசுகிறோம் ஐயா. யாரிடம்?

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். விடிகாலை பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு வாங்கி, உச்சிவரை காத்திருந்தால் உள்ளே இரண்டே கேள்வி. “தூக்கம் வருதா? மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?” அதுவும் நோயாளியிடம் இல்லை, கூட வந்த அம்மாவிடம். மருத்துவரை மட்டும் திட்டிப் பயனில்லை. வாசலில் இன்னும் நூறு பேர். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. கேரளம் தவிர எங்கும் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்றது. மத்திய சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு ரூபாய். ஊர்வலத்துக்கு அது போதும்.

சரி, நோயாளியே வாய் திறக்கிறார் என்று வையுங்கள். “கை நடுங்குது சார். வாய் குழறுது. வேலைக்குப் போக முடியல.” கேட்டுக்கொண்டே பேனா டோஸைக் கூட்டும். பேசாமல் இருந்தால் ‘ஒத்துழைக்கிறார்’. குரல் உயர்ந்தால் ஊசி. சர்க்கரை நோயாளி கத்தினால் அது புகார். இவர் கத்தினால் அது நோய் முற்றியதற்குச் சான்று. இந்தத் துறைக்கு எதிராகப் புகாரே வருவதில்லை என்று அதிகாரிகள் பெருமைப்படலாம். வந்தால்தான் மருந்து கொடுத்து அடக்கிவிடுகிறார்களே.

சட்டம் இல்லாமலா? அருமையான சட்டம். ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் பிணைத்திருந்த 28 பேர் தப்ப வழியின்றித் தீயில் கருகினார்கள். எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று எழுத நாட்டுக்கு 2017 ஆனது. அமலுக்கு வர 2018 மே. அதே மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளை அரசு மருத்துவமனைகள் எல்லா நேரமும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. மருந்தக ஜன்னலில் வேறு சட்டம்: “ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்கங்க.”

14416 இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2022இல் வந்த டெலி மானஸ் தொலைபேசி உதவி எண். எதிர்முனையில் பொறுமையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, சிகிச்சைக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கே அனுப்புவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேவையில் குறை இருந்தால் நோயாளி புகார் செய்யலாம், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. முதலில் யாரிடம்? அந்த நிலையத்தின் பொறுப்பு மருத்துவரிடம். இருப்பதே ஒரு மருத்துவர் என்றால், டோஸைக் கூட்டியவரிடமே. எழுதிக் கொடுங்கள். கை நடுங்கினால் கவலை வேண்டாம், நடுக்கத்துக்கும் மாத்திரை இருக்கிறது. வெளிக்கடையில்.