எழுந்து நிற்கும் வண்டி: பழைய சிட்ரோயன் வாங்குவோர் குறித்த ஓர் அளவையியல் ஆராய்ச்சி

ஆய்வுப் பொருளின் எல்லையை முதலில் வரையறுத்துவிடுவது முறை. பிரான்சின் நாட்டுப்புறத்தில், ஏதோவொரு பண்ணைக் கொட்டகையில், வைக்கோல் தூசும் கோழி எச்சமும் போர்த்தியபடி ஆண்டுக்கணக்கில் கிடக்கும் சிட்ரோயன் டிஎஸ் கார். அதைச் செப்பனிட்டு ஓட்டிவிடலாம் என்று விலை பேசப் போகும் ஒருவர். இவ்விரண்டுமே இக்கட்டுரையின் பொருள். புதுப்பித்து மெருகேற்றிக் கண்காட்சிக்கு வரும் டிஎஸ் இதில் அடங்காது. அதை வாங்கப் பணம் போதும்; ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஆய்வு வினா: அந்த வண்டியின் நோய் அத்தனையும் அறிந்த ஒருவர் அதை ஏன் வாங்குகிறார்? "தெரியாமல் வாங்கிவிட்டார்" என்பாரும் உளர். அது பொருந்தாது. டிஎஸ் பார்க்கப் போகிறவர் டார்ச் லைட், காந்தம், திருப்புளி சகிதமாகப் போகிறார். எங்கெங்கே துரு ஏறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அப்படிப்பட்டவர்தான் மாலையில் சாவியோடு திரும்புகிறார். ஆகவே குறை அறிவில் இல்லை. எங்கே இருக்கிறது என்று அறிய, நம் தருக்க நூலார் வகுத்த காட்சி, கருதல், உரை என்ற மூன்று அளவைகளையும் அந்தக் கொட்டகைக்குள் அழைத்துப் போவோம்.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. 1955 அக்டோபர் 5 அன்று பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் டிஎஸ் 19 திரை விலகியது. முதல் கால் மணி நேரத்தில் 743 பேர் பதிவு செய்தார்கள். அன்று மாலைக்குள் எண்ணிக்கை 12,000. வாங்குவோரின் பித்து வண்டியோடு உடன்பிறந்தது, துருவுக்குப் பின் வந்ததன்று என்பதற்கு இதுவே சான்று. உடலை வடித்தவர் ஃபிளாமினியோ பெர்ட்டோனி என்ற இத்தாலியச் சிற்பி. பொறியியல் ஆந்த்ரே லெஃபெவ்ர். எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் சஸ்பென்ஷன் போல் மாஜேஸின் கைவேலை. இத்தனை புதுமைக்கும் உள்ளே எஞ்சின் மட்டும் பழசு. புதிதாக ஆறு சிலிண்டர் எஞ்சின் செய்யப் பார்த்தார்கள், கைகூடவில்லை. 1934-இல் வந்த டிராக்சியோன் அவாங் காரின் வழிவந்த 1,911 சிசி எஞ்சினையே ஏற்றினார்கள். உயிர் பழையது, உடல் புதியது. கூடு விட்டுக் கூடு பாய்ந்த வண்டி என்று கொள்க. 1975 வரை ஏறத்தாழ பதினான்கரை லட்சம் வண்டிகள் இப்படிப் பாய்ந்தன.

முதல் அளவை காட்சி. கையிலுள்ள காந்தத்தைப் பானட்டில் வைக்கிறார், ஒட்டவில்லை. பதற வேண்டாம், பானட் அலுமினியம். கூரையில் வைக்கிறார், அங்கும் ஒட்டவில்லை. கூரை ஃபைபர் கிளாஸ். கதவில் ஒட்டுகிறது, மனம் குளிர்கிறது. ஆனால் டிஎஸ்ஸின் கதவும் மட்கார்டும் எதையும் தாங்குவன அல்ல. உள்ளிருக்கும் எலும்புக்கூட்டின் மேல் போல்ட் போட்டு மாட்டிய போர்வை. தாங்குபவை அடியில் ஓடும் இரும்புப் பெட்டிச் சட்டங்கள். துரு தின்பது அவற்றை. போர்வை பளபளக்க, உள்ளே சட்டம் திருப்புளி நுனிக்கே உதிரும். கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சுவதுதான் நூல்களில் பேசப்படும் மயக்கம். இங்கே நடப்பது பாம்பைக் கயிறென்று கண்டு கையில் எடுப்பது. பின்பக்க மட்கார்டு ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிறது. அதைக் கழற்றினால் உண்மை தெரிந்துவிடும். வாங்குபவருக்கு இதுவும் தெரியும். "பெயிண்ட் உதிர்ந்துவிடப் போகிறது, பாவம்" என்று கழற்றாமல் விடுகிறார். இந்தப் "பாவம்" என்ற சொல்லை ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது அளவை கருதல். டிஎஸ்ஸில் சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங், கிளட்ச், கியர் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய், ஒரே பம்ப். குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எல்லோரும் படுக்கும் ஏற்பாடு. எனவே எண்ணெய்யின் நிறத்தைக் கொண்டு மற்றதையெல்லாம் கருதி அறியலாம். ஆரம்ப வண்டிகளில் சிவப்பு எண்ணெய். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். 1966-இல் பச்சை நிற மினரல் எண்ணெய் வந்தது, அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் சிவப்புக்கு ஏற்ற ரப்பர் சீல் பச்சைக்கு ஆகாது, பச்சைக்கு ஏற்றது சிவப்புக்கு ஆகாது. மாற்றி ஊற்றினால் ஒவ்வொரு சீலாகக் கெட்டு எண்ணெய் தரைக்கு வரும். டாங்கியைத் திறந்து பார்க்கையில் எண்ணெய் பச்சையாகவும் இல்லாமல் சிவப்பாகவும் இல்லாமல் காப்பிக் கஷாய நிறத்தில் இருந்தால், யாரோ ஒரு நல்ல மனிதர் இரண்டையும் கலந்திருக்கிறார் என்று கருதுக. அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவது சாத்திர விதி. அதைக் கைக்கொண்டவர் அரிது.

அடுத்தது ஒலி. எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தைக் காக்கும் வால்வு "டிக்" என்று ஒரு சத்தம் போடும். சாவகாசமாக, நீண்ட இடைவெளி விட்டு வந்தால் நலம். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை வந்தால், அழுத்தத்தைத் தேக்கும் உருண்டையில் நைட்ரஜன் தீர்ந்துபோனது என்று பொருள். மலையில் புகை கண்டால் நெருப்பு உண்டென்று கருதுவது தருக்கத்தின் பாலபாடம். டிஎஸ்ஸின் பின்னால் புகை கண்டவரோ நெருப்பைக் கருதுவதில்லை, "ஆகா, எஞ்சின் சுற்றுகிறதே!" என்று கருதுகிறார். கருதல் அளவை பழுதானது இங்கே என்று தோன்றும். அன்று. அவர் சரியாகவே கருதினார், ஆனால் காதுக்குள் போன "டிக்" நெஞ்சுக்குள் போகவில்லை.

மூன்றாவது அளவை உரை. ஆப்தர் வாக்கு, அதாவது நம்பத் தகுந்தவர் சொல். விற்பவரின் முதல் வாக்கு, "நிறுத்தும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது" என்பது. உலகில் நிற்கும் எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் ஆதலால், மறுக்க முடியாத, பயனும் இல்லாத வாக்கியம். இரண்டாவது வாக்கு 1962 ஆகஸ்ட் 22-ஐப் பற்றியது. பாரிசுக்கு வெளியே பெத்தி கிளமாரில் அதிபர் தெகோல் சென்ற டிஎஸ் மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. டயர் வெடித்தும் வண்டி நிற்காமல் ஓடி அவரைக் காப்பாற்றியது. உண்மைதான். அந்த வண்டிக்கு ஓட்டுநர் இருந்தார், எண்ணெய் இருந்தது, அடிச்சட்டம் இருந்தது என்பவற்றை விற்பவர் சொல்வதில்லை. கொஞ்சம் படித்தவராக இருந்தால், பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1957-இல் வெளியான தம் நூலில் இந்த வண்டியைக் கோதிக் தேவாலயங்களோடு ஒப்பிட்டதையும் இழுப்பார். தேவாலயத்தைப் பழுதுபார்க்க எத்தனை தலைமுறை பிடிக்கும் என்பதை யோசித்தால் அந்த ஒப்புமை விற்பவருக்கே பாதகம். தவிர, 2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஓர் ஏலத்துக்குப் பிறகு இவர்களிடம் விலையே பேச முடிவதில்லை. மேற்குப் பிரான்சின் கொட்டகைகளில் கண்டெடுத்த பழங்கார்களுள் ஒரு ஃபெராரி 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. அதிலிருந்து வண்டியைக் கழுவுவதைக்கூட விட்டுவிட்டார்கள். கோழி எச்சமும் விலையில் சேரும்.

மூன்று அளவையும் "வேண்டாம்" என்றே சொல்லின. இனி நம் துணிபு.

டிஎஸ் நின்றால் சாயாது, படுத்துவிடும். எஞ்சினை அணைத்தபின் அழுத்தம் மெல்ல இறங்க, வயிறு தரையைத் தொடுமளவு தாழும். கொட்டகையில் வாங்குபவர் காண்பது அந்தக் கோலத்தைத்தான். விற்பவர் ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டுகிறார். ஹைட்ராலிக் கியர் வண்டியென்றால் ஸ்டார்ட் செய்யத் தனிச் சாவித் திருகல் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருக்கும் கியர் தண்டை இடப்பக்கம் தள்ளினால் எஞ்சின் சுற்றும். இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் பிடிக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. பம்ப் மட்டும் உள்ளே கரகரக்கிறது. வாங்குபவர் "சரி, புறப்படலாம்" என்று நினைக்கும் அந்த நேரத்தில், பசு எழுவதுபோல் வண்டியின் பின்பக்கம் முதலில் உயர்கிறது. டிக்கி மேலிருந்த வைக்கோல் சரிகிறது, அடியில் படுத்திருந்த கோழி கத்திக்கொண்டு ஓடுகிறது. பிறகு முன்பக்கமும் மூச்சு விட்டு எழும்ப, வண்டி நேராக நிற்கிறது.

வந்தவரைக் கண்டு எழுந்து நிற்கும் ஒன்றை எப்படி வேண்டாம் என்பது? இதுவே இவ்வாராய்ச்சியின் முடிபு. வாங்குபவர் அறிவால் வாங்கவில்லை, அறியாமையாலும் வாங்கவில்லை; மரியாதைக்காக வாங்குகிறார். கைகுலுக்கி முடிந்த பிறகே விற்பவர் எஞ்சினை அணைக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவும்.

இந்த எழுச்சிக்குச் சான்று மதிப்பு உண்டோ எனின், இல்லை. சஸ்பென்ஷன் உருண்டைகளில் நைட்ரஜன் அறவே இல்லாவிட்டாலும் எண்ணெய் அழுத்தத்தில் வண்டி எழும். சாலையில் இறங்கினால் கட்டை வண்டியாய்க் குதிக்கும் என்பது மட்டுமே வேறுபாடு. சாகக் கிடப்பதும் எழும், பிழைப்பதும் எழும்.

பரபக்கத்தார் கூறுவர்: "எழுவது வெறும் வசதிக்கான ஏற்பாடு. உயரம் மாற்றும் நெம்புகோலை மேலே தள்ளி வண்டியை உயர்த்தி, பக்கவாட்டில் ஒரு முட்டுக் கொடுத்து, நெம்புகோலைக் கீழே தள்ளினால் சக்கரம் தானாகத் தூக்கிக்கொள்ளும், ஜாக்கியே வேண்டாம். இதில் மரியாதை எங்கே வந்தது?" இவர்கள் சொல்வது முற்றிலும் சரி. இவர்களுள் யாரும் டிஎஸ் வாங்கியதில்லை என்பதும் சரி. "எழாத சிட்ரோயன் 2சிவியையும் வாங்குகிறார்களே" என்பார்க்கு: 2சிவியில் ரேடியேட்டர் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, கெடுவதற்கே அதிகம் இல்லை. அதை வாங்குபவர் சிக்கனக்காரர், நம் ஆய்வுக்குப் புறம்பானவர்.

புறனடையாக ஒன்று. வாங்கி வந்த வண்டிக்கு ஒரு கதவு வேண்டும், ஒரு பம்ப் வேண்டும், அடிச்சட்டத்தில் பாதி வேண்டும். தனித்தனியே தேடுவதைவிட, பிரித்தெடுப்பதற்கென்றே இன்னொரு செத்த டிஎஸ் வாங்குவது மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கும் சரியாகவே வரும். அந்த இரண்டாவது வண்டியையும் பார்க்கப் போகும்போது, தயவுசெய்து யாரும் பேட்டரியை மாட்டிவிடக் கூடாது. மாட்டினால் அதுவும் எழுந்து நிற்கும். பிறகு அதைப் பிரிக்க மனம் வராமல் மூன்றாவது ஒன்றைத் தேட வேண்டிவரும்.